பாய்காட்: ஒரு மனிதரின் பெயர் சொல்லான கதை

செய்தித்தாளைப் பிரித்தால் அடிக்கடி ஒரு சொல் கண்ணில் படும். 'கூட்டத்தைப் பாய்காட் செய்தனர்.' 'தேர்தலைப் பாய்காட் செய்யப் போவதாக ஊர்மக்கள் அறிவிப்பு.' 'அந்நியப் பொருள்களைப் பாய்காட் செய்யுங்கள்.'

பாய்காட் என்பது ஆங்கிலச் சொல். தமிழில் இதைப் புறக்கணிப்பு என்கிறோம். பகிஷ்காரம் என்பது பழைய பெயர். ஒருவரோடு, அல்லது ஒரு பொருளோடு, நமக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று பலர் சேர்ந்து ஒதுங்கிக் கொள்வதே பாய்காட். அடிப்பது இல்லை. உடைப்பது இல்லை. கொடுக்கல் வாங்கல் மட்டும் நின்றுவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த நாள் தெரியாது. இந்தச் சொல்லுக்குப் பிறந்த ஆண்டும் தெரியும், பிறந்த ஊரும் தெரியும். ஆண்டு 1880. நாடு அயர்லாந்து. பாய்காட் என்பது அங்கே வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர்.

நிலம் யாருக்குச் சொந்தம்?

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள தீவு. அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நிலத்தின் பெரும்பகுதி ஒரு சில பிரபுக்களின் கையில் இருந்தது. அவர்களில் பலர் தங்கள் நிலம் இருந்த ஊர்ப்பக்கமே வந்ததில்லை. ஏழை விவசாயிகள் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து உழுதார்கள். உருளைக்கிழங்கு பயிரிட்டு வயிறு கழுவினார்கள்.

1845 முதல் 1849 வரை கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கொடிய பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறிப் பிழைப்புத் தேடிப் போனார்கள். அந்தப் பஞ்சத்தின் நினைவு மக்கள் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது.

1879-இல் மீண்டும் மழை கெடுத்தது. விளைச்சல் பொய்த்தது. குத்தகை கட்ட முடியாதவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். நிலம் போனால் குடிசையும் போகும். பெண்டு பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

அந்த ஆண்டில் விவசாயிகள் ஒன்று கூடி நிலச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மைக்கேல் டேவிட் என்பவர் அதற்கு அடித்தளம் இட்டார். அவரே குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை. சார்லஸ் பார்னெல் என்பவர் சங்கத்தின் தலைவர். நியாயமான குத்தகை வேண்டும், நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்பவை சங்கத்தின் முக்கியமான கோரிக்கைகள்.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். 'ஒரு விவசாயியைத் துரத்திவிட்டு, அந்த நிலத்தை இன்னொருவன் வந்து எடுத்தால் அவனை என்ன செய்வது?' என்று கூட்டத்தைக் கேட்டார். 'சுட்டுத் தள்ளு' என்று குரல்கள் எழுந்தன. பார்னெல் அதை ஏற்கவில்லை. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்றார். தெருவில் அவனைக் கண்டால் பேசாதீர்கள். கடையில், சந்தையில், கோயிலில் அவனை விட்டு விலகுங்கள். அவனைத் தனியாக விடுங்கள். இதுவே அவர் சொன்ன வழி.

சில நாள்களிலேயே இந்த வழி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் சிக்கியவர் நிலம் எடுத்த விவசாயி அல்ல. ஒரு பிரபுவின் காரியஸ்தர்.

காரியஸ்தர் பாய்காட்

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சில காலம் ராணுவத்தில் இருந்தார். பின்பு அயர்லாந்து வந்து விவசாயம் செய்தார். ஊரார் அவரைக் கேப்டன் என்றே அழைத்தார்கள். மேயோ மாவட்டத்தில் லாக் மாஸ்க் என்று ஓர் ஏரி. அதன் கரையில் அவருடைய பண்ணை வீடு. எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு அவர்தான் காரியஸ்தர். குத்தகை வசூல் செய்வது அவர் வேலை.

அவர் கண்டிப்பானவர். வேலியைத் தாண்டினால் அபராதம், கோழி வந்து மேய்ந்தால் அபராதம் என்று வாட்டுகிறார் என்பது குத்தகைதாரர்களின் மனக்குறை.

1880-இல் விளைச்சல் குறைவு என்பதால் குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பிரபு சொன்னார். விவசாயிகள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மறுத்தார். குத்தகை பாக்கி நின்றவர்களை வெளியேற்ற நோட்டீஸ் தயாரானது.

செப்டம்பர் 22 அன்று நீதிமன்றத்து அமீனா போலீஸ் காவலோடு நோட்டீஸ் கொடுக்க வந்தார். மூன்று வீடுகளில் கொடுத்துவிட்டார். அதற்குள் செய்தி பரவியது. ஊர்ப் பெண்கள் திரண்டு வந்தார்கள். கல்லும் சேறும் சாணமும் பறந்தன. அமீனாவும் போலீஸாரும் காரியஸ்தர் வீட்டுக்கே திரும்பி ஓடினார்கள்.

மறுநாளிலிருந்து கதை மாறியது. கல்லெறிதல் நின்றது. ஒதுங்குதல் தொடங்கியது.

பண்ணையாள்கள் வேலையை விட்டுப் போனார்கள். வீட்டு வேலைக்காரர்களும் போனார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். சலவைக்காரி துணி வாங்க மறுத்தாள். தபால் கொண்டு வரவும் ஆள் இல்லை. பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் விற்கவில்லை. ரொட்டியைக்கூட வெளியூரிலிருந்து படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலத்தில் விளைந்த பயிர் அறுப்பார் இல்லாமல் நின்றது.

இதில் எல்லாரும் மனமுவந்து சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊரை மீறினால் நமக்கும் இதே கதிதான் என்ற அச்சமும் சிலருக்கு இருந்தது. இதையும் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஒரு கிழங்குக்கு என்ன விலை?

பாய்காட் தம் நிலையை விளக்கி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 18 அன்று அது வெளிவந்தது. இங்கிலாந்தில் பரபரப்பு உண்டானது. அவருக்கு உதவ நிதி திரட்டினார்கள். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து 50 பேர் பயிர் அறுக்கப் புறப்பட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாக அரசு ஏறத்தாழ ஆயிரம் ராணுவத்தினரை அனுப்பியது.

வந்தவர்களுக்கு உள்ளூரில் வண்டி கிடைக்கவில்லை. ரயிலடியிலிருந்து கொட்டும் மழையில் நடந்தே போனார்கள். இரண்டு வாரம் தங்கி உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் தோண்டினார்கள். தானியத்தைக் கதிரடித்தார்கள்.

காப்பாற்றிய விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். அதற்கு ஆன செலவோ சுமார் 10,000 பவுன் என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப் கிழங்கைத் தோண்ட ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நாம் சொல்வதில்லையா? அதே கதைதான்.

நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். டப்ளின் நகரில் ஒரு ஓட்டலில் தங்கினார். அங்கும் ஓட்டல்காரருக்கு மிரட்டல் கடிதம் வந்தது. அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு திரும்பி வந்து சில காலம் இருந்தார். 1886-இல் ஒரேயடியாக இங்கிலாந்துக்கே போய்விட்டார். 1897-இல் காலமானார்.

அடுத்த ஆண்டே, 1881-இல், பிரிட்டிஷ் அரசு அயர்லாந்துக்கு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நியாயமான குத்தகையை முடிவு செய்ய நீதிமன்றம் அமைந்தது. நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் கிடைத்தது. ஓர் ஏரிக்கரை ஊரால் மட்டும் வந்த சட்டம் அல்ல அது. நாடு முழுவதும் நடந்த போராட்டத்தின் பலன்.

பெயர் சொல்லானது எப்படி?

அந்த ஊருக்கு அருகே ஜான் ஓ'மாலி என்ற பங்குத் தந்தை இருந்தார். விவசாயிகள் பக்கம் நின்றவர். ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நடந்ததை எழுத அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் முன்பே ஒரு சொல் உண்டு. 'ஆஸ்ட்ரசைஸ்' என்பார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய ஏதென்ஸ் நகரில், நாடு கடத்த வேண்டியவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். அந்த ஓட்டின் பெயரிலிருந்து பிறந்த சொல். ஆனால் அது படித்தவர்களின் சொல். குடியானவர்களுக்கு இந்தச் சொல் புரியாதே என்று ரெட்பாத் கேட்டார். பங்குத் தந்தை சற்று யோசித்தார். 'அவனைப் பாய்காட் செய்வது' என்று சொன்னால் என்ன என்றார். ரெட்பாத்தே பின்னர் எழுதி வைத்த செய்தி இது.

எளிய மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த சொல் என்பதுதான் இதன் சிறப்பு. ஆண்டு முடிவதற்குள் பத்திரிகைகள் எல்லாம் அந்தச் சொல்லை எழுதின. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷிய மொழிகளிலும் அது புகுந்தது. ஜப்பானியரும் அதையே சொல்கிறார்கள். மனிதர் மறைந்தார். பெயர் நின்றது. ஆனால் எப்படி நின்றது? அவர் செய்த செயலுக்குப் பெயராக நிற்கவில்லை. மற்றவர்கள் அவருக்குச் செய்ததன் பெயராக நின்றது.

இந்தியாவில் பாய்காட்

25 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சொல் இந்தியாவில் முழங்கியது. 1905-இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் பெரிய கூட்டம் நடந்தது. அந்நியப் பொருள்களை வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். மான்செஸ்டர் துணி வேண்டாம், கைத்தறித் துணி போதும் என்றார்கள். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த அலையில்தான்.

1911-இல் வங்காளப் பிரிவினை ரத்தானது. ஆகஸ்ட் 7-ஆம் நாளை 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளுக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறுதான்.

இங்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அந்நியத் துணி மலிவு. சுதேசித் துணி விலை கூடுதல். ஏழைகளையும் சிறு வியாபாரிகளையும் கட்டாயப்படுத்துவது சரியா என்று கவி ரவீந்திரநாத் தாகூர் கேட்டார். முதலில் சுதேசி இயக்கத்தை ஆதரித்தவர் அவர். கட்டாயம் புகுந்ததும் விலகிக் கொண்டார்.

காந்தியடிகள் 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கினார். பட்டங்கள், அரசுப் பள்ளிகள், நீதிமன்றங்கள், அந்நியத் துணி எல்லாவற்றையும் புறக்கணிக்கச் சொன்னார். 1928-இல் சைமன் கமிஷன் வந்தது. இந்தியாவின் ஆட்சி முறை பற்றி ஆராய வந்த அந்தக் குழுவில் 7 பேர். ஒருவர்கூட இந்தியர் இல்லை. காங்கிரஸ் உட்படப் பல கட்சிகள் அதைப் புறக்கணித்தன. ஊர் ஊராகக் கறுப்புக்கொடி எழுந்தது.

அதே ஆண்டு குஜராத்தில் பர்தோலி விவசாயிகள் போராடினார்கள். அரசு நிலவரியை 22 சதவீதம் உயர்த்தியிருந்தது. வல்லபாய் படேல் தலைமையில் வரி கொடுக்க மறுத்தார்கள். ஜப்தி செய்த நிலத்தையும் மாட்டையும் ஏலம் எடுத்தவர்களை ஊரார் புறக்கணித்தார்கள். கடைசியில் விசாரணைக் குழு அமைந்தது. உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் காந்தியடிகள் ஓர் எச்சரிக்கையும் தந்தார். புறக்கணிக்கிறோம் என்று சொல்லி ஒருவருக்கு உணவையும் மருத்துவத்தையும் தடுத்தால் அதுவும் வன்முறைதான் என்றார்.

கத்தியின் மறு முனை

பாய்காட் என்ற சொல் 1880-இல் பிறந்தது. அந்தச் செயலோ மிகப் பழையது. நம் நாட்டு ஊர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஊர்விலக்கு, ஊர்க்கட்டுப்பாடு, சாதி விலக்கு என்று அதற்குப் பல பெயர்கள்.

1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தில் மகாத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களோடு பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். சட்டப்படி அந்தக் குளம் எல்லாருக்கும் உரியது. ஆனாலும் தாழ்த்தப்பட்ட மக்களை அங்கே விட்டதில்லை. தண்ணீர் குடித்த குற்றத்துக்காக அவர்களை அடித்தார்கள். அந்த ஆண்டு அம்பேத்கர் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'பகிஷ்கிருத பாரத்'. ஒதுக்கி வைக்கப்பட்ட பாரதம் என்று பொருள். பகிஷ்காரம் என்ற சொல்லுக்கு வெளியே தள்ளுதல் என்பதுதான் வேர்ப்பொருள்.

பம்பாய் அரசு 1928-இல் ஸ்டார்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1930-இல் அக்குழு அறிக்கை தந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் உரிமை கேட்டால் என்ன நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. வயலில் வேலை தர மறுக்கிறார்கள். கடையில் சாமான் தர மறுக்கிறார்கள். பாதையை அடைக்கிறார்கள். நிலமும் கடையும் மேல்சாதியார் கையில் இருப்பதால் அந்த மக்கள் பணிந்து போக வேண்டியிருக்கிறது.

பாய்காட் வீட்டில் நடந்ததும் இதுதானே? வேலையாள் இல்லை, கடைச் சாமான் இல்லை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாய்காட்டுக்கு ஆயிரம் ராணுவத்தினர் காவல் வந்தார்கள். பத்திரிகை பேசியது. கப்பலேறிப் போக இங்கிலாந்து இருந்தது. கூலிக்காரருக்கு என்ன இருக்கிறது? கடை மூடினால் அன்று அடுப்பு எரியாது.

ஆகவேதான் ஒருவரைப் புறக்கணித்து ஒடுக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அம்பேத்கர் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக் காலத்திலேயே கேட்டார்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனை தரும் சட்டம் வந்தது. 1989-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ளது. அதன்படி இந்த மக்களைச் சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வது குற்றம். செய்யப் போவதாக மிரட்டினாலும் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேலை தராதே, சாமான் விற்காதே என்று ஊர் கூடித் தீர்மானம் போடுவது இதில் அடங்கும்.

சொந்தச் சாதிக்குள்ளேயும் ஒதுக்கி வைப்பது உண்டு. மகன் வேறு சாதியில் மணம் செய்தால் குடும்பத்தையே விலக்கி வைப்பார்கள். சாவு வீட்டுக்கும் யாரும் போகக் கூடாது என்பார்கள். மகாராஷ்டிரம் இதைத் தடுக்க 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது. எந்தச் சாதியாராயினும், சமூகப் புறக்கணிப்புச் செய்தால் அங்கே 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வன்கொடுமை பற்றி 14566 என்ற எண்ணில் கட்டணமின்றிப் புகார் சொல்லலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு. மாவட்டத் தலைநகரில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே அங்கு வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

1955 டிசம்பரில் அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் தன் இருக்கையை வெள்ளையருக்கு விட்டுத்தர மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். கறுப்பின மக்கள் நகர பஸ்களைப் பாய்காட் செய்தார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள், ஒருவர் வண்டியில் இன்னொருவர் ஏறிப் போனார்கள். கடைசியில் பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் ஒதுக்கும் முறை ஒழிந்தது. அவர்கள் யாருடைய உணவையும் பறிக்கவில்லை. தங்கள் காசை மட்டும் தங்கள் பையில் வைத்துக் கொண்டார்கள்.

எளியவர்கள் ஒன்று சேர்ந்து வலியவரிடமிருந்து ஒதுங்கினால் அது போராட்டம். வலியவர்கள் ஒன்று சேர்ந்து எளியவரை ஒதுக்கினால் அது கொடுமை. இரண்டையும் பாய்காட் என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். ஆகவே இந்தச் சொல்லைக் காதில் கேட்டதும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒதுக்குவது யார்? ஒதுக்கப்படுவது யார்? எது தடுக்கப்படுகிறது, ஒரு வியாபாரியின் லாபமா, ஒரு குழந்தையின் பாலா?

பேசிப் பாருங்கள்

1. பாய்காட் என்ற சொல் எந்த நாட்டில், எந்த ஆண்டில் பிறந்தது?
2. 10,000 பவுன் செலவு செய்து 500 பவுன் விளைச்சலை ஏன் காப்பாற்றினார்கள்?
3. ஏழைகளைக் கட்டாயப்படுத்தலாமா என்று தாகூர் கேட்டார். உங்கள் கருத்து என்ன?
4. உங்கள் பகுதியில் யாரையாவது ஊர்விலக்குச் செய்தது உண்டா? அன்று மற்றவர்கள் என்ன செய்தார்கள்? என்ன செய்திருக்கலாம்?